ஒரே செய்தி ஏன் மூன்று முறை வருகிறது?

"என் கணினியில் ஒரே செய்தி மூன்று முறை வருகிறதே, வைரஸ் புகுந்துவிட்டதா?" என்று ஜாசின் வட்டாரத் தோட்டம் ஒன்றிலிருந்து ஓர் அம்மா கேட்டிருந்தார். வைரஸ் இல்லை அம்மா.

பல இணையத்தளங்களின் செய்திகளை ஒரே பக்கத்தில் சேர்த்துத் தருவது செய்தித் திரட்டி. தளங்கள் அவற்றை ஆர்.எஸ்.எஸ். என்ற ஓடை வழியாக அனுப்புகின்றன. (இந்தியாவில் அதே பெயரில் உள்ள இயக்கத்தை நினைத்துக்கொள்ளாதீர்கள்!)

இதில் நானே ஏமாந்திருக்கிறேன். தோட்டத் தமிழ்ப்பள்ளி ஒன்று மூடப்படுவதாகத் திரட்டியில் மூன்று பதிவுகள் வந்தன. மூன்று இடத்தில் வந்துவிட்டதே, உண்மைதான் என்று நிகழ்ச்சியில் வாசிக்கத் தயாரானேன். நல்லவேளை, பள்ளிக்குத் தொலைபேசினேன். பள்ளி மூடப்படவில்லை, பட்டணத்துப் பக்கம் இடம் மாறுகிறதாம். மூன்றும் ஒரே தளத்தின் ஒரே செய்தி. தலைப்பை மட்டும் இரண்டு முறை திருத்தியிருந்தார்கள்.

திரட்டி செய்தியைப் படித்துப் பார்ப்பதில்லை. அதனுடன் வரும் அடையாளக் குறியைத்தான் பார்க்கிறது, நம் மைகார்ட் எண் மாதிரி. எண் மாறினால் பழைய ஆளும் புது ஆள்தான். 2002-இல் வந்த ஆர்.எஸ்.எஸ். 2.0-இல் இந்தக் குறி கட்டாயமில்லை. 2005-இல் முறைப்படுத்தப்பட்ட ஆட்டம் ஓடையில் கட்டாயம். குறி இல்லாதபோது இணைப்பு முகவரியையோ தலைப்பையோ வைத்துத்தான் திரட்டி ஒப்பிட வேண்டியிருக்கிறது.

அங்கேதான் நம் தமிழுக்குத் தனிச் சிக்கல். 'தோட்டம்' என்று எழுதுங்கள். முதலெழுத்தின் ஓகாரத்தை யூனிகோடில் ஒரே குறியாகவும் வைக்கலாம். இரட்டைச் சுழிக் கொம்பு, துணைக்கால் என்று இரண்டு குறிகளாகவும் வைக்கலாம். இரண்டும் சமம் என்பதுதான் யூனிகோட் விதி. திரையில் நமக்கும் வேறுபாடு தெரியாது. ஆனால் விதியைக் கவனிக்காத மென்பொருளுக்கு அவை இரண்டு வெவ்வேறு சொற்கள்.

சரி, என்ன செய்வது? முதலில் அந்தத் தளத்தின் ஆர்.எஸ்.எஸ்., ஆட்டம் இரண்டு ஓடைகளையும் சேர்த்திருக்கிறீர்களா என்று பாருங்கள். அதுவும் காரணமாக இருக்கலாம். ஒன்றை எடுத்துவிடுங்கள். அடுத்து, இரட்டைப் பதிவுகளின் முகவரிகளை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். ஒன்று 'எச்டிடிபி' என்றும் மற்றது 'எச்டிடிபிஎஸ்' என்றும் தொடங்கினால் தளம் முகவரி மாறியிருக்கிறது. பழைய ஓடையை நீக்கிப் புதிய முகவரியில் சேருங்கள். இத்தனைக்குப் பிறகும் தினமும் இரட்டித்தால் கோளாறு உங்களிடம் இல்லை. தளம் நடத்துபவருக்கு, "செய்தியைத் திருத்தும்போது அதன் அடையாளக் குறியை மாற்றாதீர்கள்" என்று ஒரு மின்னஞ்சல் போடுங்கள், அம்மா.