நாடக மேடையாய்த் தொடங்கிய படக்கொட்டகை

சிங்கப்பூர் சைனா டவுனில், இயூ தோங் சென் சாலையில், மெஜஸ்டிக் என்னும் பழைய படக்கொட்டகையின் கட்டடம் நிற்கிறது. அதன் முகப்புச் சித்திர ஓடுகளில் சீன நாடக வேடதாரிகளும் பறக்கும் நாகங்களும் தெரிகின்றன. படக்கொட்டகைக்கு நாடக வேடம் எதற்கு?

1928-இல் அது காண்டனீஸ் இசை நாடக அரங்காகவே திறக்கப்பெற்றது. கட்டுவித்தவர் பினாங்கில் பிறந்த செல்வர் இயூ தோங் சென். நாடகப் பிரியையான தம் மனைவிக்காகக் கட்டினார் என்றும் சொல்வர். அவர் செல்வம் ஈயச் சுரங்கங்களிலும் இரப்பர்த் தோட்டங்களிலும் விளைந்தது. ஆதலால் அச்சுவர்களில் தோட்டத் தொழிலாளர் வியர்வையும் கலந்திருக்கிறது என்று நாம் கூறினால் மிகையாகாது.

நம் தெருக்கூத்தைப் போலவே அங்கும் கதை பார்ப்போருக்கு முன்பே தெரியும். முகத்தில் தீட்டிய வண்ணமே பாத்திரத்தின் குணத்தைச் சொல்லிவிடும். முரசும் சேகண்டியும் முழங்க, பாட்டைக் கேட்கவே மக்கள் கூடினர்.

பின் ஏன் அந்த இசை ஓய்ந்தது? நாடகக் குழுவென்றால் பாடகர், வாத்தியக்காரர், ஒப்பனைக்காரர் எனப் பலருக்குக் கூலியும் சோறும் வேண்டும். படச்சுருளுக்கோ பசியில்லை, ஒரே நாளில் பல காட்சிகள் ஓடும். 1938-இல் அரங்கம் படக்கொட்டகையாயிற்று. மெஜஸ்டிக் என்ற பெயரும் பின்னால் வந்ததே.

கூத்தை வென்ற திரையையும் காலம் விடவில்லை. வீடுதோறும் தொலைக்காட்சி வந்தது, பின் வீடியோ, பின் பல திரை கொண்ட புது அரங்குகள். 1998-இல் மெஜஸ்டிக் மூடப்பட்டது. பிறகு உள்ளே கடைகள் வந்தன. நல்லவேளையாக முகப்பை இடிக்கவில்லை. விடுமுறையில் சிங்கப்பூர் செல்லும் மாணவர்கள், சாலையின் எதிர்ப்புறம் நின்று அண்ணாந்து பார்த்தால் அவ்வோவியங்களைக் காணலாம்.