இலாகா யாரிடம்? தேவாலா கடைக்காரரும் தெரிந்துகொள்ள வேண்டும்



டெல்லியில் புதிய அமைச்சரவை பதவியேற்றால், நம் கடை வாசலில் எழும் முதல் கேள்வி "நம்ம பக்கம் எத்தனை மந்திரி?" என்பதுதான். "எந்த இலாகா யாரிடம் போயிருக்கிறது?" என்று கேட்பவர்கள் குறைவு. வியாபாரிக்குப் பயன்படுவது இந்தக் கேள்விதான். கூட்டணி ஆட்சியில் இதன் அவசியம் இரட்டிப்பாகிறது.

அரசியல் சட்டத்தின் 75-ஆவது பிரிவின்படி பிரதமரைக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். மற்ற அமைச்சர்கள் பிரதமரின் ஆலோசனைப்படி நியமிக்கப்படுகிறார்கள். இவர்களில் மூன்று படிகள் உண்டு: கேபினட் அமைச்சர், தனிப்பொறுப்புள்ள இணை அமைச்சர், இணை அமைச்சர். 2003-இல் வந்த 91-ஆவது திருத்தத்தின்படி, பிரதமரையும் சேர்த்து மொத்த அமைச்சர்கள் மக்களவை உறுப்பினர் எண்ணிக்கையில் 15 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. 543 இடங்களுக்குக் கணக்கிட்டால் 81 பேர்.

கட்சிகளுக்கு இடையிலான பங்கீடு எந்தச் சட்டத்திலும் எழுதப்படவில்லை. அது பேசி முடிக்கும் விஷயம். 2004 மே மாதம் ஐக்கிய முற்போக்குக் கூட்டணி ஆட்சி அமைந்தபோது, கேட்ட இலாகாக்கள் வரவில்லை என்று தி.மு.க. அமைச்சர்கள் உடனே பொறுப்பேற்கவில்லை. தெலுங்கானா ராஷ்டிர சமிதியின் கே. சந்திரசேகர ராவ் தமக்குத் தரப்பட்ட கப்பல் துறையை விட்டுக்கொடுக்க, அது டி.ஆர். பாலுவிடம் வந்தது. எஸ்.எஸ். பழனிமாணிக்கம் நிதித்துறை இணை அமைச்சரானார்.

இனி நம் ஊருக்கு வருவோம். தேவாலாவில் மளிகைக் கடையின் வரவு பெரும்பாலும் தேயிலையைச் சார்ந்தது. இலை விலை இறங்கினால் சிறு விவசாயியின் கையில் பணம் குறையும். நம் பற்று நோட்டு கனக்கும். இந்தத் தேயிலைக்குப் பொறுப்பான தேயிலை வாரியம் இருப்பது மத்திய வர்த்தக அமைச்சகத்தின் கீழ். வேளாண்மைத் துறைக்கு மனு போட்டு ஏமாந்தவர்கள் உண்டு.

1996-இல் ஐக்கிய முன்னணி ஆட்சி அமைந்தபோது நீலகிரித் தொகுதியின் எம்.பி., தமிழ் மாநில காங்கிரசின் எஸ்.ஆர். பாலசுப்ரமணியம், இணை அமைச்சரானார். நமக்கெல்லாம் பெருமைதான். ஆனால் அவருக்குக் கிடைத்தவை பணியாளர் துறையும் நாடாளுமன்ற விவகாரமும். வர்த்தகத் துறை தெலுங்கு தேசம் கட்சியின் பி.பி. ராமையாவிடம் இருந்தது. 2009-இல் நீலகிரியில் வென்ற ஆ. இராசா தகவல் தொடர்புத் துறை அமைச்சராக 2010 நவம்பர் வரை இருந்தார். அப்போது தேயிலை, காங்கிரசின் ஆனந்த் சர்மாவிடம் இருந்த வர்த்தகத் துறையில் இருந்தது. தொகுதிக்கு மந்திரி கிடைப்பது வேறு, தொகுதியின் தொழிலுக்குரிய இலாகா கிடைப்பது வேறு.

அந்த இலாகாவே தமிழ்நாட்டுக்குக் கிடைத்த காலமும் உண்டு. 1999 முதல் 2002 வரை முரசொலி மாறன் வர்த்தகம், தொழில் துறைகளின் அமைச்சராக இருந்தார். அந்த ஆண்டுகளில்தான் பசுந்தேயிலை விலை சரிந்து மலை முழுவதும் வியாபாரம் படுத்தது. காரணங்கள் பல. சோவியத் யூனியன் உடைந்தபின் தென்னிந்தியத் தேயிலையின் பெரிய சந்தை ஆட்டம் கண்டிருந்தது. 1998 டிசம்பரில் கையெழுத்தான இந்திய–இலங்கை தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. அதில் ஆண்டுக்கு 1.5 கோடி கிலோ இலங்கைத் தேயிலைக்கு வரிச்சலுகை இருந்தது. உலக வர்த்தக அமைப்பின் விதிகளின்படி 2001 ஏப்ரல் 1 முதல் இறக்குமதி அளவுக் கட்டுப்பாடுகளும் நீக்கப்பட்டன. முந்தைய ஆட்சியின் ஒப்பந்தமும் உலக நாடுகளுக்குத் தந்த வாக்கும் புதிய அமைச்சரையும் கட்டும். மேலும், அமைச்சரவை மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்பானது. தனி அமைச்சர் தம் விருப்பப்படி நடக்க முடியாது. ஆகவே நம்மவர் அமைச்சரானார் என்பதற்காக மனு எழுதுவதை நிறுத்திவிடக்கூடாது.

கடைக்குள்ளே பார்த்தாலும் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு துறை உண்டு. பாமாயில் மீதான இறக்குமதி வரி நிதித்துறையின் கையில். 2024 செப்டம்பரில் கச்சா எண்ணெய் வகைகளுக்கு 20 சதவீத அடிப்படை வரி போட்டதும், 2025 மே இறுதியில் அதை 10 ஆகக் குறைத்ததும் அத்துறைதான். பருப்பு இருப்புக்கு உச்சவரம்பு விதிப்பது நுகர்வோர் விவகாரத் துறை. உணவுப் பாதுகாப்பு உரிமம் சுகாதார அமைச்சகத்தின் கீழுள்ள ஆணையத்தைச் சேர்ந்தது. தராசுக்கு முத்திரை வைப்பது மாநிலத் தொழிலாளர் துறை. நம் பகுதியில் பலருக்குக் கூலி தரும் டான்டீ நிறுவனம் மாநில வனத்துறையில் வருகிறது. ஜி.எஸ்.டி. விகிதத்தை மத்திய நிதியமைச்சர் தனியே மாற்ற இயலாது. கவுன்சிலில் மத்திய அரசுக்கு மூன்றில் ஒரு பங்கு, மாநிலங்களுக்கு மூன்றில் இரு பங்கு வாக்கு. முடிவுக்கு முக்கால் பங்கு வேண்டும். ஆகவே மாநில அமைச்சருக்கும் ஒரு பிரதி அனுப்ப வேண்டும்.

கூட்டணியில் சிறிய கட்சியின் குரலுக்கும் எடை உண்டு. 1999 ஏப்ரல் 17-இல் வாஜ்பாய் அரசு ஒரே வாக்கில் கவிழ்ந்ததை நாடு பார்த்தது. 2024 ஜூன் 9-இல் பதவியேற்ற அரசில், மக்களவையில் ஒரே உறுப்பினர் கொண்ட கட்சியின் ஜீத்தன் ராம் மாஞ்சியிடம் சிறு, குறு, நடுத்தரத் தொழில் துறை தரப்பட்டது. 2021 ஜூலை முதல் சில்லறை, மொத்த வியாபாரிகளும் உத்யம் பதிவு செய்து வங்கிகளில் முன்னுரிமைக் கடன் கேட்க வழி செய்தது அந்தத் துறைதான்.

எனவே அடுத்த முறை இலாகாப் பட்டியல் நாளிதழில் வரும்போது அதை வெட்டிச் சங்க அலுவலகத்தில் ஒட்டி வைப்போம். வர்த்தகம், நிதி, நுகர்வோர் விவகாரம், சுகாதாரம், சிறுதொழில் ஆகிய ஐந்து பெயர்களுக்கும் கீழே கோடிடுவோம். ஒரு மனுவில் ஒரு குறையை மட்டும் எழுதி, பில், ரசீது நகல்களை இணைத்து, உரிய அமைச்சருக்கு அனுப்புவோம். பிரதிகளை நம் எம்.பி.க்கும், தேயிலை விஷயமானால் குன்னூரிலுள்ள வாரிய அலுவலகத்துக்கும் அனுப்புவோம். விலாசம் தவறிய கடிதத்துக்குப் பதில் வராது. சரியான கதவைத் தட்டுவது நம் பொறுப்பு.