இரண்டு எக்ஸ்ரே, ஒரு மண்டை

வத்திராயிருப்பில் பிள்ளைக்குப் பல்லில் கிளிப் போட வேண்டுமென்றால், பெரும்பாலும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கோ ராஜபாளையத்துக்கோ பஸ் ஏற வேண்டும். சிகிச்சை தொடங்குமுன் காதுத் துளைகளில் சிறு தண்டுகளைப் பொருத்தி, பக்கவாட்டில் தலை எக்ஸ்ரே எடுப்பார்கள். ஒன்றரை, இரண்டு வருஷம் கழித்து இன்னொன்று. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, "தாடை இவ்வளவு வளர்ந்திருக்கு, பல் இவ்வளவு உள்ளே போயிருக்கு" என்பார் டாக்டர். அந்த 'இவ்வளவு' சில மில்லிமீட்டர்தான். அதை எவ்வளவு தூரம் நம்பலாம்?

தலையை இப்படி அசையாமல் பிடித்துப் படமெடுக்கும் முறையை 1931இல் அமெரிக்காவில் பிராட்பென்ட்டும் ஜெர்மனியில் ஹோஃப்ராத்தும் தனித்தனியே வெளியிட்டார்கள். படங்களைப் பொருத்த ஒரு கோடு வேண்டுமே! பிட்யூட்டரி சுரப்பி இருக்கும் எலும்புக் குழியின் நடுவிலிருந்து, மூக்கெலும்பு நெற்றியெலும்போடு சேரும் இடம் வரை போடும் கோடுதான் வழக்கம். மண்டை அடித்தளத்தின் முன்பகுதி ஏழு வயதுவாக்கில் பெரும்பாலும் வளர்ந்து முடிந்துவிடும். ஆனால் மூக்கெலும்பு சேரும் அந்தப் புள்ளி மட்டும் அதற்குப் பிறகும் முன்னோக்கி நகர்கிறது. பிளவக்கல் அணையின் அளவுகோலே வருஷா வருஷம் இடம் மாறினால் நீர்மட்டத்தை எப்படிச் சொல்வது?

டென்மார்க்கின் ஆர்னே பியோர்க் 1950களில் பிள்ளைகளின் தாடையெலும்பில் டாண்டலம் என்ற உலோக ஊசிகளைப் பதித்து, பல ஆண்டுகள் படமெடுத்தார். கீழ்த்தாடை வளரும்போதே சுழல்வது அதில் தெரிந்தது. அதன் வெளி விளிம்போ ஓரிடத்தில் கரைந்து, இன்னோரிடத்தில் படிந்து, அந்தச் சுழற்சியை மறைத்துவிடுகிறது! விளிம்பை மட்டும் நம்பிப் பொருத்தினால் கணக்கு தவறும் என்பது அதற்குப் பிறகே உறுதியானது.

கருவியாலும் பிழை வரும். எக்ஸ்ரே குழாய்க்கும் தலையின் நடுவுக்கும் 152 செ.மீ., அங்கிருந்து ஃபிலிமுக்கு 15 செ.மீ. என்றால் நிழல் சுமார் 10 சதவீதம் பெரிதாக விழும். 70 மி.மீ. எலும்பு 77 ஆகத் தெரியும். இன்னொரு சென்டரில் ஃபிலிம் 11 செ.மீ. தள்ளியிருந்தால் அதே எலும்பு 75. எதுவுமே மாறாமல் 2 மி.மீ. மாறிவிட்டது! கோணங்களை இது அவ்வளவாகப் பாதிக்காது. நீளங்களைத் திருத்தாமல் ஒப்பிடக் கூடாது. போதாக்குறைக்கு, ஒரே படத்தில் ஒரே டாக்டர் இரண்டு முறை புள்ளி குறித்தாலும் அது கொஞ்சம் தள்ளித்தான் விழும். கம்ப்யூட்டரில் குறித்தாலும் அப்படித்தான்.

ஆகவே, முதல் படத்தைப் பத்திரமாக வையுங்கள். முடிந்தவரை இரண்டாவதையும் அதே சென்டரில் எடுங்கள். வேறிடத்தில் எடுத்தால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.