பனிச்சிறுத்தையின் மலைக்கு: அன்றும் இன்றும்

ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு பனிச்சிறுத்தையைப் பார்க்கப் புறப்பட்டவர்கள், பார்க்காமல் திரும்புவதற்கும் மனதைத் தயார்செய்துகொண்டே கிளம்பினார்கள். உயிரியலாளர் ஜார்ஜ் ஷாலர் 1970 டிசம்பரில் பாகிஸ்தானின் சித்ரால் மலைகளில் அதைப் படம்பிடித்தார். இயற்கைச் சூழலில் எடுக்கப்பட்ட முதல் பனிச்சிறுத்தைப் படங்களில் அவை சேரும். 1973-ல் அவரும் எழுத்தாளர் பீட்டர் மத்தீசனும் நேபாளத்தின் பொக்காராவிலிருந்து சுமைதூக்கிகளோடு பல வாரங்கள் நடந்து, டோல்போ பகுதியில் உள்ள ஷே மடாலயத்தை அடைந்தார்கள். நீலச்செம்மறி எனப்படும் பரல் ஆடுகளை ஆராய்வது ஷாலரின் நோக்கம். பரல் இருக்கும் இடத்தில் அதை வேட்டையாடும் பனிச்சிறுத்தையும் இருக்கும். மத்தீசன் கால்தடங்களைக் கண்டார், எச்சத்தைக் கண்டார். விலங்கைக் காணாமலேயே திரும்பினார். அந்தப் பயணம் பற்றி அவர் 1978-ல் வெளியிட்ட நூலின் பெயரோ ‘தி ஸ்னோ லெப்பர்ட்’ (பனிச்சிறுத்தை).

அதே விலங்கைத் தேடி இன்று நம்மவர்களும் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் லடாக்குக்கு விமானம் ஏறுகிறார்கள். ஒரு வாரம் பொறுமையாகத் தங்குபவர்களில் பலர் பார்த்துவிட்டே திரும்புகிறார்கள். இந்த மாற்றம் எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டால், அங்கே போக எப்படித் திட்டமிட வேண்டும் என்பதும் விளங்கிவிடும்.

லடாக் 1974-ல்தான் வெளிநாட்டுப் பயணிகளுக்குத் திறக்கப்பட்டது. அப்போது ஸ்ரீநகரிலிருந்து லடாக்கின் லே நகருக்குப் பேருந்தில் இரண்டு நாள். நடுவில் கார்கிலில் இரவுத் தங்கல். குளிர்காலத்தில் ஜோஜிலா கணவாயைப் பனி மூடிவிட்டால் மாதக்கணக்கில் அந்தச் சாலை கிடையாது. எல்லைப் பகுதி என்பதால் நல்ல இந்திய வரைபடங்கள் பொதுமக்கள் கைக்கு வரவில்லை. மலையேறிகள் பழைய அமெரிக்க ராணுவ வரைபடங்களின் நகல்களை நம்பி நடந்தார்கள். லே கடைத்தெருவில் அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் வாங்கி, குதிரைக்காரரிடம் கூலி பேசி, கூடாரத்தோடு கிளம்ப வேண்டும். எத்தனை நாளைக்கு உணவு, எத்தனை குதிரை, எந்த ஓடையை எந்த நேரத்தில் கடப்பது என்பதுதான் அன்றைய திட்டம். வழியில் வரும் கிராமங்கள் தண்ணீர் பிடிக்கும் இடங்களாகவே பயணிகளின் குறிப்பேட்டில் இருந்தன.

அந்தக் கிராமத்தவருக்குப் பனிச்சிறுத்தை என்றால் இழப்பு. குளிர்கால இரவில் ஆட்டுப் பட்டியின் கூரைத் துளை வழியாக அது உள்ளே குதித்துவிடும். அடைபட்ட இடத்தில் ஆடுகள் மிரண்டு ஓட ஓட, தின்னும் அளவுக்கும் மேலே அடித்துப் போடும். விடிந்து பார்த்தால், ஒரு குடும்பத்தின் ஓராண்டு வருமானம் தரையில் கிடக்கும். பட்டிக்குள் சிக்கிய சிறுத்தையை ஊர்கூடிக் கல்லால் அடித்துக் கொன்றதும் உண்டு. ஓநாய்களுக்காகக் கல்லடுக்கிக் கட்டிய ஷங்டோங் என்னும் பொறிக்குழிகள் லடாக் எங்கும் இருந்தன. 1981-ல் ஹெமிஸ் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. பின்னர் சுமார் 4,400 சதுர கிலோமீட்டராக விரிந்தது. ஆனால் அதற்குள் ஊர்கள் இருந்தன, ஆடுகள் இருந்தன. எல்லைக்கோடு வரைந்ததால் மட்டும் ஆடு பிழைக்கவில்லை. சிறுத்தைமேல் இருந்த கோபமும் தணியவில்லை.

திருப்பம் எளிய வேலைகளில் தொடங்கியது. 1980-களில் மேற்கு நேபாளத்தில் பனிச்சிறுத்தைகளுக்கு ரேடியோ கழுத்துப்பட்டை மாட்டி ஆராய்ந்தவர் ராட்னி ஜாக்சன். லடாக்கின் நூப்ராவைச் சேர்ந்த மலையேறி ரிஞ்சன் வாங்சுக் அவரோடு சேர்ந்து பணியாற்றினார். பட்டியின் கூரையில் கம்பிவலை, இடைவெளி இல்லாத கதவு: சிறுத்தை இறங்க முடியாதபடி கட்ட ஊர்மக்களோடு சேர்ந்தே உழைத்தார்கள். ஆடு பாதுகாப்பானதும் அடுத்த கேள்வி எழுந்தது: இந்த விலங்கு உயிரோடு இருப்பதால் ஊருக்கு என்ன பயன்? அதற்கு விடையாக 2000-களின் தொடக்கத்தில் வந்தது ‘ஹிமாலயன் ஹோம்ஸ்டே’. வீட்டில் ஓர் அறையைப் பயணிக்குத் தருவார்கள். எல்லா வீட்டுக்கும் வருமானம் போகும்படி முறைவைத்து விருந்தினரை அனுப்புவார்கள். வருவாயில் ஒரு பங்கு ஊரின் பாதுகாப்பு நிதிக்குப் போகும். ரிஞ்சன் வாங்சுக் 2011-ல் மறைந்தார். அவர் விதைத்த வழக்கம் ரும்பாக் முதலிய ஊர்களில் வேரூன்றியது. ஓநாய்ப் பொறிகளிலும் மாற்றம் வந்தது: 2018-ல் சுஷுல் பகுதி ஊர்மக்கள் பழைய ஷங்டோங் குழியைச் செயலிழக்கச் செய்து அதன் அருகே ஸ்தூபி எழுப்பினார்கள்.

2024 ஜனவரியில் வெளியான இந்தியாவின் முதல் பனிச்சிறுத்தைக் கணக்கெடுப்பு, நாட்டில் 718 விலங்குகள் இருப்பதாக மதிப்பிட்டது. அவற்றில் 477 லடாக்கில். ஒரு காலத்தில் கல்லெடுத்த மக்களின் நடுவேதான் இவை வாழ்கின்றன. நமக்குச் சிறுத்தை தென்படுவதற்குத் தொலைநோக்கி உதவுகிறது, வாக்கிடாக்கி உதவுகிறது. அந்தத் தொலைநோக்கியின் பின்னால் நின்று பாறைக்கும் சிறுத்தைக்கும் வித்தியாசம் சொல்பவர், அந்த ஊரில் ஆடு மேய்த்து வளர்ந்தவர். அவர் அதைக் காப்பதென்று முடிவெடுத்ததால்தான் நம் பயணமே சாத்தியமாகிறது.

ஆகவே இன்றைய திட்டம் வீட்டிலிருந்து தொடங்க வேண்டும். முதல் கேள்வி: யார் வீட்டில் தங்கப்போகிறோம், நாம் தரும் பணத்தில் அந்த வீட்டுக்கு எவ்வளவு போய்ச் சேருகிறது? பயண முகவரிடம் இதைத் தயங்காமல் கேளுங்கள். பல இடங்களைத் தொட்டு ஓடுவதைவிட ரும்பாக்கிலோ, மலையாடுகள் நிறைந்த ஊலேயிலோ ஒரே ஊரில் ஐந்தாறு நாள் இருப்பது நல்லது. ஜனவரி முதல் மார்ச் வரை சரியான காலம். பரல்கள் கீழே இறங்கும், சிறுத்தைகள் இணைதேடித் திரியும். இரவுக் குளிர் மைனஸ் 20 டிகிரியைத் தொடக்கூடும்.

லே சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து நேராகப் போய் இறங்கும் நமக்கு முதல் இரண்டு மூன்று நாள் ஓய்வு கட்டாயம். உயரநோய்க்கான மாத்திரை பற்றிப் புறப்படும் முன்பே மருத்துவரிடம் பேசுங்கள். தலைவலி கூடினால், மூச்சு வாங்கினால், மேலே போகாதீர்கள். வானிலையால் விமானம் ரத்தாவது அங்கே சாதாரணம் என்பதால் கையில் இரண்டு நாள் மிச்சம் வையுங்கள். வெளிமாநில ப்ரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும். அனுமதியில்லாத சாட்டிலைட் போன் இந்தியாவில் குற்றம். அந்த ஊர்களில் தண்ணீர் ஊற்றாத உலர் கழிப்பறைதான். தண்ணீர் அரிதான நிலத்தின் அறிவு அது, மதித்துப் பயன்படுத்துங்கள். கொண்டுபோகும் பிளாஸ்டிக்கைத் திரும்ப எடுத்துவாருங்கள்.

இன்றைய வசதி புதிய ஆபத்துகளையும் கொண்டுவந்திருக்கிறது. எங்கோ சிறுத்தை தெரிந்தது என்ற செய்தி போனில் பரவியதும் வண்டிகள் வரிசைகட்டுகின்றன. இன்னும் நெருக்கமான படம் வேண்டுமென்று வழிகாட்டியை நச்சரிப்பவர்கள் இருக்கிறார்கள். பயணிகளும் முகாம்களும் விட்டுச்செல்லும் உணவில் பெருகிய தெருநாய்கள் காட்டுவிலங்குகளைத் துரத்துகின்றன. குளிர்கால உணவுப் பஞ்சத்தில் ஒரு விலங்கைப் பதறி ஓடவைப்பது அதன் உயிர்ச்சக்தியைப் பறிப்பது.

இதற்கான விடையையும் அந்த மண்ணே காட்டியிருக்கிறது. 6,153 மீட்டர் உயரமான ஸ்டோக் காங்ரி சிகரத்தில் ஏறுவோர் கூட்டம் ஸ்டோக் கிராமத்தின் நீராதாரத்தை மாசுபடுத்தியபோது, கிராமத்தினரும் பயண அமைப்பாளர்களும் 2020 முதல் அந்த ஏற்றத்தை மூடினார்கள். வருமானம் குறையும் என்று தெரிந்தே எடுத்த முடிவு அது. அங்கே போகும் உரிமையைக் கட்டணம் கட்டி வாங்கிவிட்டோம் என்று நாம் நினைக்கக்கூடாது. வழிகாட்டி “இதற்குமேல் கிட்டே போக வேண்டாம்” என்று சொன்னால் அந்த இடத்திலேயே நிற்பதும், ஊர் “இந்த வருடம் வராதீர்கள்” என்று சொன்னால் பயணத்தைத் தள்ளிப்போடுவதும் இனி ஒவ்வொரு பயணத் திட்டத்தின் முதல் விதியாக இருக்கட்டும்.