துடிப்பைக் கூட்டினால் படம் விரைந்து ஓடுமா?

கட்டடத்திற்குத் தளம் போடும் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். கீழே கலவை கிடக்கும். அங்கிருந்து மேல்தளம் வரை ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். கலவைச் சட்டி கைமாறிக் கைமாறி மேலே செல்லும். எல்லோருடைய கைகளும் ஒரே தாளத்தில் இயங்கும். மேஸ்திரி அவசரப்பட்டுத் தாளத்தைக் கூட்டினால் என்ன ஆகும்? ஓரளவு வரை வேலை விரைவாக நடக்கும். அதற்கு மேல் போனால், யாரோ ஒருவர் கை நீட்டுவதற்குள் சட்டி வந்துவிடும், கீழே விழும்.

கணினியின் சில்லுக்குள் நடப்பதும் ஏறக்குறைய இதுவே. அங்கே கைமாறுபவை மின்குறிகள். தாளத்திற்கு அடிப்படை, ஒரு குவார்ட்ஸ் படிகத்தின் அதிர்வு. அந்த அதிர்வைப் பெருக்கித் தேவையான வேகத்தில் தருவதற்குத் தனி மின்சுற்று உண்டு. இந்தத் தாளத்தையே கடிகாரத் துடிப்பு என்கிறோம். ஒரு நொடியில் எத்தனை துடிப்பு என்பது அதன் அதிர்வெண். உற்பத்தியாளர் குறித்துக் கொடுத்த அதிர்வெண்ணைத் தாண்டிச் சில்லை ஓட்டுவதற்கு ‘ஓவர்கிளாக்கிங்’ என்று பெயர். தமிழில் மிகைத்துடிப்பு எனலாம்.

இந்தக் கூடுதல் வேகம் இலவசமாகக் கிடைக்கிறதா? ஒரு சிறிய கணினியை எடுத்துக்கொண்டு கணக்கிட்டுப் பார்ப்போம்.

ஒரே சில்லு, வேறு வேறு தாளம்

2007ஆம் ஆண்டில் தைவானைச் சேர்ந்த ஆசஸ் நிறுவனம் ‘ஈ பிசி 701’ என்னும் குட்டிக் கணினியை வெளியிட்டது. அதன் திரை 7 அங்குலமே. அதிலிருந்த செலரான் செயலி 900 மெகாஹெர்ட்ஸில் ஓட வல்லது. ஆனால் 630 மெகாஹெர்ட்ஸில் ஓடும்படி அடக்கி வைத்திருந்தார்கள். அதைத் தொடர்ந்து ‘நெட்புக்’ என்ற வகையே உருவாயிற்று. 2008இல் வந்த இன்டெல் ஆட்டம் என்270 செயலியும் 945ஜிஎஸ்இ என்னும் துணைச் சில்லும் பல நெட்புக்குகளில் இடம்பெற்றன.

திரையில் படம் வரையும் பகுதி இந்தத் துணைச் சில்லுக்குள்ளேயே அடங்கியிருந்தது. அதன் பெயர் ஜிஎம்ஏ 950. இதற்கெனத் தனி அட்டை கிடையாது. தனி நினைவகமும் கிடையாது. கணினியின் பொது நினைவகத்திலேயே அதுவும் பங்கு பெற்றுக்கொள்ளும். இதையே ஒருங்கிணைந்த வரைகலை என்பார்கள்.

இப்போது வியப்பான செய்தி ஒன்று. மேசைக் கணினிகளில் இதே ஜிஎம்ஏ 950 ஓடிய வேகம் 400 மெகாஹெர்ட்ஸ். நெட்புக்கில் அது ஓடியதோ 133 மெகாஹெர்ட்ஸ்! ‘இங்கேயும் 400இல் ஓட்டினால் என்ன?’ என்று பலருக்கும் தோன்றியதில் வியப்பில்லை. 2009ஆம் ஆண்டளவில் புழங்கிய ‘ஜிஎம்ஏ பூஸ்டர்’ என்ற சிறு நிரல் அதைத்தான் செய்தது.

இரண்டரை நானோநொடி

133 மெகாஹெர்ட்ஸில் ஒரு துடிப்பின் காலம் 7.5 நானோநொடி. 400 மெகாஹெர்ட்ஸில் அது 2.5 நானோநொடியாகச் சுருங்குகிறது. ஒளிகூட அந்த நேரத்தில் 75 சென்டிமீட்டர்தான் போக முடியும்!

சில்லிலுள்ள ஒவ்வொரு டிரான்சிஸ்டரும் தனக்கு அடுத்ததை இயக்க, ஒரு நுண்ணிய மின்தேக்கியை நிரப்பவோ காலியாக்கவோ வேண்டும். அதற்குச் சிறிது நேரம் பிடிக்கும். இப்படிப் பல படிகளைக் கடந்து, அடுத்த துடிப்பு வருமுன் குறி நிலைபெற்றுவிட வேண்டும். இல்லையெனில் 1 இருக்க வேண்டிய இடத்தில் 0 பதிவாகிவிடும். சட்டி விழுந்தது என்று பொருள்.

எல்லாச் சில்லுகளும் ஒரே தரமாக அமைவதில்லை. ஆகவே உற்பத்தியாளர் சற்று மந்தமான சில்லையும், வெப்பம் மிகுந்த சூழலையும், மின்னழுத்தம் சற்றுக் குறைந்த நிலையையும் மனத்திற்கொண்டு வேகத்தைக் குறிக்கிறார். மிகைத்துடிப்பு செய்பவர் செலவழிப்பது அந்தப் பாதுகாப்பு இடைவெளியைத்தான்.

வெப்பத்தின் கணக்கு

துடிப்பு ஒவ்வொன்றிலும் அந்த நுண்மின்தேக்கிகள் நிரம்பிக் காலியாகின்றன அல்லவா? அதற்குச் செலவாகும் திறன், மின்தேக்குதிறன், மின்னழுத்தத்தின் இருமடி, அதிர்வெண் ஆகிய மூன்றின் பெருக்கற்பலனைப் பொறுத்தது. அதிர்வெண் மும்மடங்கானால் அந்தப் பகுதியின் துடிப்புச் செலவும் மும்மடங்காகும். மின்னழுத்தத்தையும் 10 விழுக்காடு கூட்டினால், 1.1ஐ 1.1ஆல் பெருக்க 1.21, ஆக மொத்தம் 3.63 மடங்கு!

என்270 செயலிக்குக் குறித்த வெப்பத்திறன் 2.5 வாட். துணைச் சில்லுக்கோ 6 வாட். ‘மூளை’ என்று நாம் சொல்லும் செயலியைவிட, அருகிலிருந்த சில்லே அதிகம் சூடேறும் பொருள்! மெல்லிய பெட்டியும் சிறிய மின்கலமும் கொண்ட நெட்புக்கில் அதன் தாளத்தை ஏன் அடக்கி வைத்தார்கள் என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

மின்கலத்தில் 24 வாட்-மணி ஆற்றல் இருப்பதாகவும், கணினி 12 வாட் எடுப்பதாகவும் கொள்வோம். 2 மணி நேரம் ஓடும். மேலும் 3 வாட் கூடினால் 1 மணி 36 நிமிடம்தான். வெப்பம் மிகுந்தால் சிலிக்கானில் எலக்ட்ரான்களின் ஓட்டமும் தடைபடும், டிரான்சிஸ்டர் மந்தமாகும். காலைக் குளிரில் பிழையின்றி ஓடிய கணினி, உச்சி வெயிலில் திடீரென நின்றுவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மும்மடங்கு கூட்டினால் மும்மடங்கு கிடைக்குமா?

கிடைக்காது. வரிசையில் நிற்பவர்கள் எவ்வளவு விரைந்தாலும், கீழே கலவை அள்ளித் தருபவரின் வேகம் அப்படியே இருந்தால் பயன் என்ன? ஜிஎம்ஏ 950க்குக் கலவை வருவது செயலியும் பங்குபோடும் பொது நினைவகத்திலிருந்து. மேலும், முப்பரிமாண உருவங்களின் முனைப்புள்ளிகளைக் கணக்கிடும் வேலையை அது செயலியிடமே விட்டுவிடும்.

ஒரு படத்தை ஆக்க 60 மில்லிநொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். வரைகலைப் பகுதிக்கு 30, மற்ற வேலைகளுக்கு 30. நொடிக்கு ஏறத்தாழ 17 படங்கள் வரும். வரைகலையை மும்மடங்கு விரைவாக்கினால் அதன் நேரம் 10 ஆகும். மற்ற 30 மாறாது. மொத்தம் 40. நொடிக்கு 25 படங்கள். ஆதாயம் ஒன்றரை மடங்கு மட்டுமே! ஜீன் ஆம்டால் என்ற கணினி அறிஞர் 1967இல் முன்வைத்த கருத்தின் சாரம் இதுதான்.

கண்ணுக்குத் தெரியாத பிழை

வரைகலையில் ஒரு புள்ளி தவறான நிறத்தில் வந்தால் கண்ணில் படும்; அடுத்த படத்தில் மறைந்தும் போகும். ஆனால் செயலியையோ நினைவகத்தையோ அளவு மீறி விரட்டும்போது நேரும் பிழை அப்படியன்று. நீங்கள் எழுதி வைத்த கட்டுரையில், சேமித்த நிழற்படத்தில், ஓசையின்றிப் போய் உட்கார்ந்துவிடும். பல மாதம் கழித்துத் திறக்கும்போதுதான் தெரியும். ஆகவே பழைய கணினி ஒன்றில் இச்சோதனையைச் செய்ய விரும்புவோர், கோப்புகளுக்குப் படி எடுத்து வேறிடத்தில் வைத்துவிட வேண்டும். வேகத்தைச் சிறிது சிறிதாகவே கூட்ட வேண்டும். ஒவ்வொரு முறையும் வெப்பநிலையைப் பார்க்க வேண்டும். வீட்டார் நாள்தோறும் பயன்படுத்தும் கணினியில் இவ்வேலை வேண்டவே வேண்டாம்.

இன்றைய சில்லுகள் தம் வெப்பத்தைத் தாமே அளந்து, இடமிருந்தால் துடிப்பைக் கூட்டியும், சூடேறினால் குறைத்தும் கொள்கின்றன. கைப்பேசியில் நெடுநேரம் விளையாடினால், அது சூடேறிய பிறகு ஆட்டம் மந்தமாவதைக் கவனித்திருப்பீர்கள். அங்கே மேஸ்திரி தாளத்தைத் தளர்த்துகிறார்!

உங்களுக்கு ஒரு கணக்கு: மேலே கண்ட எடுத்துக்காட்டில் வரைகலையை 133இலிருந்து 250 மெகாஹெர்ட்ஸுக்கு மட்டும் உயர்த்தினால் நொடிக்கு எத்தனை படங்கள் வரும்? விடை 22ஐ ஒட்டி வர வேண்டும். அப்படியானால், 250இலிருந்து 400 வரை செல்லச் செலவிடும் கூடுதல் திறனுக்கு எத்தனை படங்கள்தான் மிச்சம்? அது தகுமா, தகாதா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.