ஒரே சுரத்தில் இவ்வளவு சோகமா?

மேற்கத்திய செவ்விசை என்றாலே தூக்கம் வரும் என்று சொல்லும் நண்பர்களுக்கு நான் பரிந்துரைப்பது பீத்தோவனின் ஏழாவது சிம்பனி, அதிலும் இரண்டாம் பகுதி. 1813 டிசம்பர் 8ஆம் தேதி, போரில் காயமடைந்த வீரர்களுக்கு நிதி திரட்ட வியன்னாவில் நடந்த கச்சேரியில் அது அரங்கேறியது. காது மந்தமாகிவிட்ட நிலையிலும் பீத்தோவனே இசைக்குழுவை நடத்தினார். இந்தப் பகுதியை மீண்டும் வாசிக்கச் சொல்லிக் கேட்டார்கள் மக்கள்.

அப்படி என்ன இருக்கிறது? மெட்டு என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. நெடில், குறில், குறில், நெடில், நெடில் என்றொரு தாளக்கட்டு; தொடக்கத்தில் ஏறக்குறைய ஒரே சுரம். வயோலா, செல்லோ, டபுள் பாஸ் மூன்றும் தாழ்ந்த குரலில் தொடங்குகின்றன. பிறகு வயலின்கள் அதை வாங்கிக்கொள்ள, வயோலாவும் செல்லோவும் உருக்கமான வேறொரு மெட்டை அதனுடன் இழைக்கின்றன. சுற்றுக்குச் சுற்று கருவிகள் கூடி, முழு இசைக்குழுவும் முழங்கும்போதும் தாளம் அதேதான். துக்கம் பெருகுகிறது, நடை நிற்பதில்லை. உட்கார்ந்து அழ நேரமில்லாதவர்களின் சோகம் இப்படித்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றும்.

சில நடத்துநர்கள் இதைச் சவ ஊர்வலம்போல் இழுப்பார்கள், எனக்குப் பிடிக்காது. பீத்தோவன் எழுதிய குறிப்பு ‘அலெகிரெட்டோ’, அதாவது ஓரளவு விறுவிறுப்பாக. ‘தி கிங்ஸ் ஸ்பீச்’ படத்தில் திக்குவாய் மன்னர் போர் அறிவிப்பு உரையாற்றும் காட்சியிலும் இதுதான் ஒலிக்கும்.

ரயிலில் கேட்டால் மெல்லிய தொடக்கம் காதில் விழாது. இரவில், பாடப் புத்தகத்தை மூடிவிட்டுக் கேளுங்கள்.