மூன்று கைப்பிடி இயந்திரம்

கொழும்பில் புரோசன் யோகட் கடை போட அடுப்பு வேண்டாம், சமையற்காரர் வேண்டாம், புகைபோக்கியும் வேண்டாம். ஒரு கவுண்டர், மேலே தூவப் பழத்துண்டும் கஜுவும், சுவரோரம் எவர்சில்வர் இயந்திரம் ஒன்று. கடைத்தொகுதியின் படிக்கட்டுக்குக் கீழே கிடைக்கும் மூலைக்குள்ளும் இந்த வியாபாரம் அடங்கிவிடும். அது பரவியதற்கு முதற் காரணம் இது. இரண்டாவது காரணம் நமது வெயில். மூன்றாவது, “யோகட்தானே, உடம்புக்கு நல்லதுதான்” என்று பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கும் பெற்றோரின் மனச்சமாதானம். முதல் இரண்டிலும் சண்டையில்லை. மூன்றாவதைச் சரிபார்க்க அந்த இயந்திரத்துக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கோன் ஐஸ்கிறீம் விற்கும் இயந்திரமும் இதுவும் ஒன்றுதான். ஊற்றும் கலவை மட்டுமே வேறு. முகப்பில் மூன்று கைப்பிடிகள் இருந்தாலும் உள்ளே இருப்பவை இரண்டு உருளைகள். இடக் கைப்பிடி ஒரு சுவை, வலக் கைப்பிடி இன்னொன்று. நடுக் கைப்பிடியை இழுத்தால் இரண்டும் சேர்ந்து முறுக்கிக்கொண்டு விழும். உச்சியில் மூடி போட்ட தொட்டிகளில் கலவை 4 பாகை செல்சியஸ் அளவில் திரவமாகவே காத்திருக்கிறது. அங்கிருந்து சிறிது சிறிதாகக் கீழே படுத்திருக்கும் உருளைக்குள் இறங்குகிறது. உருளையின் சுவரைச் சுற்றிக் குளிரூட்டி வாயு ஓடுகிறது. உள்ளே ஒரு துடுப்பு சுழல்கிறது. அதன் விளிம்பில் பொருத்திய அலகுகள், சுவரில் ஒட்டும் பனிப்படலத்தை ஒட்டிய கணமே சுரண்டி நடுவுக்குத் தள்ளிவிடுகின்றன.

இந்தச் சுரண்டலில்தான் எல்லாம் இருக்கிறது. கப் யோகட் ஒன்றை அப்படியே பிரீசரில் வைத்துத் தின்னாத கொழும்புப் பிள்ளை குறைவு. கரண்டி இறங்காது, பல்லில் நறநறவென்று கடிபடும், உருகினால் தண்ணீர் வேறாகத் திப்பி வேறாகப் பிரியும். அசையாமல் மெதுவாக உறைவதால் நீர் ஆறுதலாகப் பெரிய படிகங்களைக் கட்டிக்கொள்கிறது. இயந்திரத்தில் அந்த அவகாசம் கிடைப்பதில்லை. படிகம் பிறந்ததும் சுரண்டப்படுகிறது. அடுத்தது பிறக்கிறது, அதுவும் சுரண்டப்படுகிறது. ஏறக்குறைய 50 மைக்ரோமீற்றருக்குக் குறைந்த பனித்துகளை நாக்கு தனித்தனியாக உணராது. வழவழப்பு என்று நாம் சொல்வது, நாக்கால் எண்ண முடியாத பனியைத்தான்.

கலவை முழுவதும் உறைவதும் இல்லை. சைபருக்குக் கீழே 6, 7 பாகையில் கோப்பைக்குள் விழும்போது அதிலுள்ள நீரில் ஏறக்குறைய பாதி இன்னும் திரவமே. அதற்குக் காரணம் சீனி. கரைந்திருக்கும் சீனி நீரின் உறைநிலையைக் கீழே இறக்குகிறது. கொஞ்ச நீர் உறைய உறைய மிச்ச நீரில் சீனி செறிந்து இன்னும் கீழே இறக்குகிறது. சீனி போடாத தயிரை இந்த உருளைக்குள் ஊற்றினால் அது சுவரோடு கட்டியாகப் பிடித்துத் துடுப்பை நிறுத்திவிடும். கடையில் “லைட்”, “லோ ஃபட்” என்று எழுதியிருப்பது பெரும்பாலும் உண்மைதான், கொழுப்பு குறைவுதான். ஆனால் சீனியைக் குறைக்க இயந்திரமே இடம் கொடுக்காது. போதாததற்குப் புளிப்பும் குளிரும் இனிப்பை மட்டுப்படுத்திக் காட்டுவதால், நாக்கு நம்புவதைவிடக் கூடுதலாகவே உள்ளே போகிறது. சீனிக்குப் பதில் கித்துள் பாணி ஊற்றினாலும் இந்தக் கணக்கு பொருந்தும். தயிரும் பாணியும் ஏற்கெனவே நம் நாட்டுச் சோடி என்பதால் யாராவது ஒழுங்காகச் செய்து பார்த்தால் நான் முதல் ஆளாகப் போய் நிற்பேன்.

இன்னொரு சரக்கு காற்று. துடுப்பு அடிக்கிற அடியில் காற்று கலந்து, ஒரு லீற்றர் கலவை ஒன்றரை லீற்றர் வரை உப்புகிறது. எளிய இயந்திரங்களில் இதைக் கட்டுப்படுத்துவது தொட்டியின் அடியில் செருகிய ஒரு சிறு குழாய். அதிலுள்ள துளை வழியாகவே கலவையும் காற்றும் அளவாக இறங்குகின்றன. காற்றே இல்லாவிட்டால் களிபோல் கனத்து வாயைக் குளிரால் சுடும். ஆகையால் அதை மோசடி என்று சொல்ல முடியாது. ஆனால் கப் கணக்கில் விற்கும் கடைக்குக் காற்று இலாபம், நிறுத்து விற்கும் கடைக்கு இல்லை. நிறுத்து விற்பவருக்கு இலாபம் நீங்கள் மேலே அள்ளிப் போடும் கனத்த பழமும் சொக்லேற்றும்.

பதம் வந்துவிட்டது என்று இயந்திரம் அறிவது எப்படி? பெரும்பாலானவை வெப்பமானியை மட்டும் நம்புவதில்லை. கலவை இறுக இறுகத் துடுப்பைச் சுழற்றும் மோட்டருக்குப் பாரம் கூடுகிறது. குறித்த பாரத்தை எட்டியதும் கொம்பிரசர் நின்றுவிடும். இளகினால் மறுபடி ஓடும். பள்ளிக்கூடம் விட்ட நேரத்தில் பத்துப் பிள்ளைகள் வரிசையில் நின்றால் கடைசிப் பிள்ளைக்குத் தளர்ந்து விழுவதும் இதனால்தான்: உறைவதைவிட வேகமாக இழுக்கிறார்கள். பல மாதிரிகளில் மோட்டரையும் துடுப்பையும் இணைப்பது பழகிய வி-பெல்ட். மருதானையில் பஞ்சிகாவத்தைப் பக்கம் வாகன உதிரிப்பாகம் தேடி அலைந்தவர்களுக்கு அதை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை.

இயந்திரத்தின் வம்சம் அமெரிக்காவில். 1926இல் சார்ல்ஸ் டெய்லர் தானியங்கி ஐஸ்கிறீம் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அதில் யோகட் ஊற்றும் எண்ணம் 1970களில் வந்தது. 1981இல் ஆர்கன்சாவில் தொடங்கிய டி.சி.பி.வை. அதைச் சங்கிலிக் கடையாக்கியது. புளிப்பை மறைக்காமல் புளிப்பையே விற்றவர்கள் பிறகு வந்தார்கள்: 2002இல் தென்கொரியாவில் ரெட் மாங்கோ, 2005இல் லொஸ் ஏஞ்சலிஸ் பக்கம் பிங்க்பெரி. இன்று ஆசிய நகரங்களில் பார்க்கும் கடைகள் பெரும்பாலும் இந்த இரண்டாம் அலையின் பிள்ளைகள்.

கொழும்புக்குக் குளிர் வியாபாரம் புதிதல்ல. கொம்பனித்தெருவில் 1866இலேயே பனிக்கட்டித் தொழிற்சாலை இருந்தது. இன்றைய எலிபன்ட் ஹவுஸ் ஐஸ்கிறீமின் வேர் அங்கே. ஆனால் இந்த ஊரின் சூடு இயந்திரத்துக்குச் சத்துரு. உருளைக்குள்ளிருந்து உறிஞ்சிய வெப்பத்தை இயந்திரம் வெளியே தள்ளியாக வேண்டும். வெளியே 31 பாகை, மூலைக்குள் இன்னும் அதிகம். சுவரோடு ஒட்டி வைத்தால், கண்டென்சர் தகடுகளில் தூசி படிந்தால், கொம்பிரசர் ஓயாமல் ஓடும். யோகட் இறுகாது, மின்கட்டணம் இறுக்கும். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின் வெட்டியபோது தொட்டியிலிருந்த கலவையை என்ன செய்வது என்பதே கேள்வியாயிற்று. 5 பாகைக்கு மேல் நெடுநேரம் கிடந்த பாற்கலவையை மறுபடி குளிரவைத்தால் அது குளிர்ந்த கெட்ட கலவை, அவ்வளவுதான்.

இனி அந்த மூன்றாவது காரணம், உடம்புக்கு நல்லது என்ற நம்பிக்கை. பாலை யோகட் ஆக்குபவை இரண்டு பற்றீரியாக்கள்: லக்டோபசிலஸ் பல்கேரிகஸ், ஸ்ட்ரெப்டோகொக்கஸ் தேர்மோபிலஸ். 43 பாகையளவில் சில மணித்தியாலம் வைத்திருந்தால் பாலின் சீனியைப் புளிப்பாக்கிப் பாலைத் தோய்த்துவிடும். உறைய வைப்பதில் இவற்றுள் ஒரு பகுதி அழிந்தாலும் பெரும்பகுதி தூங்கிக் கிடந்து பிழைத்துக்கொள்ளும். குளிருக்குத் தப்புபவை சூட்டுக்குத் தப்புவதில்லை.

சிக்கல் இங்கேதான். பாற்கலவை தங்கும் குழாய், வளையம், மூடி ஒவ்வொன்றும் கிருமி வளரும் இடம். தினமும் கழற்றிக் கழுவும் சுமையைக் குறைக்க, இரவில் தானே சூடேறும் இயந்திரங்கள் வந்தன. கலவையை 66 பாகைக்கு மேல் ஏற்றி அரை மணித்தியாலம் வைத்து மறுபடி குளிரவைக்கும். ஐஸ்கிறீமுக்கு அருமையான ஏற்பாடு. (அந்தச் சுற்று இடையில் தடைப்பட்டு இயந்திரம் பூட்டிக்கொள்வதால் அமெரிக்காவில் பெரும் சர்ச்சையே எழுந்தது, கடைக்காரர்கள் அந்த மென்பொருட் பூட்டைத் திறந்து தாங்களே பழுதுபார்க்க 2024 ஒக்டோபரில் சட்ட விலக்கு கிடைத்தது.) ஆனால் யோகட் கலவையை அதில் ஊற்றினால், நல்லதென்று நம்பி வாங்கும் அதே பற்றீரியாக்கள் முதல் இரவிலேயே வெந்துவிடும். ஆக, உயிருள்ள யோகட் விற்க விரும்பும் கடை சூடேறாத இயந்திரத்தை வைத்துக்கொண்டு, கடை பூட்டியபின் உருளையைக் காலியாக்கி, துடுப்பையும் இறப்பர் வளையங்களையும் கழற்றி, தூரிகையால் தேய்த்து, கிருமிநாசினி ஓடவிட்டு, காலையில் மறுபடி பொருத்த வேண்டும். மணிக்கணக்கான வேலை. சிரத்தையான கடைக்கும் சோம்பேறிக் கடைக்கும் உள்ள வித்தியாசம் பழத்துண்டில் தெரியாது. கைப்பிடிக்குக் கீழே நட்சத்திர வாயில் தெரியும். அங்கே காய்ந்து மஞ்சளாய்ப் படிந்திருந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

என் தீர்ப்பு இது: இனிப்பாக நினைத்துத் தின்ன இது நல்ல பண்டம், ஐஸ்கிறீமைவிடக் கொழுப்புக் குறைந்தது. மருந்தாகவோ தயிருக்கு மாற்றாகவோ நினைத்துத் தின்னக் காரணமில்லை. அதற்கு மட்டக்களப்பிலிருந்து வரும் எருமைத் தயிர்ச் சட்டி இருக்கிறது. மண்சட்டி நீரை உறிஞ்சி இறுக்கிய அந்தத் தயிரில் சீனியை எவ்வளவு போடுவதென்று நீங்களே முடிவு செய்யலாம்.

கடைக்குப் போனால் இரண்டு கேள்விகளாவது கேளுங்கள். இயந்திரத்தைக் கடைசியாக எப்போது கழற்றிக் கழுவினீர்கள்? கலவையில் ஜெலற்றின் இருக்கிறதா, இருந்தால் எதிலிருந்து எடுத்தது? நம் கப் யோகட்டில் அது சேர்ப்பது வழக்கம். மரக்கறி மட்டும் உண்பவரும் ஹலால் பார்ப்பவரும் கேட்காமல் வாங்க வேண்டாம்.